தோட்டத்து ஆந்தைகளைப் படமெடுக்க

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் ஆந்தையைப் படமெடுக்க வருகிறவர் முதலில் விசாரிக்க வேண்டியது மூன்று. காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) எத்தனை மணிக்கு, இந்த வாரம் செம்பனைக் குலை வெட்டு எந்தப் பிளாக்கில், எலிமருந்து எந்தப் பக்கம் போட்டிருக்கிறார்கள். லென்ஸைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். குலை வெட்டும் சத்தமும் லோரி ஓட்டமும் உள்ள பக்கம் ஆந்தை பகலில் அமராது. மருந்து போட்டு எலி குறைந்துவிட்டால் வேட்டைக்கு வேறு பக்கம் போய்விடும். இந்தக் கணக்குத் தெரியாமல் முக்காலியை நட்டுக்கொண்டு நின்றால் கொசுக்கடிதான் மிச்சம்.

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவின் சிலாங்கூரில், பெஸ்தாரி ஜெயாவில். பெரியவர்கள் வாயில் இன்றும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான். இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் தொடங்கியது எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். பால்மரம் (ரப்பர்) நின்ற இடமெல்லாம் பிறகு செம்பனையானது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் இடிபட்டு சனம் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்துவிட்டது. இன்று குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். ஆனாலும் ஊரைச் சுற்றி நான்கு விதமான இடம் மிஞ்சியிருக்கிறது: செம்பனை, ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கிய பழைய ஈயக்குட்டைகள், கோயில் வாசலிலும் பழைய பங்களாக்களிலும் நிற்கும் பெருமரங்கள், வடக்கே ராஜா மூசா சதுப்புக் காடு. நான்கிலும் வெவ்வேறு ஆந்தைகள். ஒரே ஊருக்கு இத்தனை வகை கிடைத்திருப்பது எங்கள் கொடுப்பினை.

செம்பனையில் இருப்பது கூகை. இதய வடிவில் வெள்ளை முகம், கறுப்புக் கண், மேலே பொன்னும் சாம்பலும் கலந்த இறகு. பலர் நினைப்பதுபோல் இது இங்கே தொன்றுதொட்டு நிறைந்திருந்த பறவை இல்லை. 1960கள் வரை தீபகற்பத்தில் கூகையைப் பார்ப்பதே அரிது. செம்பனை பரவி, அதன் பழத்தைத் தின்ன எலி பெருகிய பிறகுதான் கூகையும் பெருகியது. ஆனால் அதற்கு ஒரு குறை இருந்தது. கூகை கூடு கட்டாது, பொந்தில்தான் முட்டையிடும். செம்பனையில் பொந்து ஏது? அதனால்தான் தோட்டங்கள் கம்பம் நட்டுப் பெட்டி வைக்க ஆரம்பித்தன. ஐந்து முதல் பத்து ஹெக்டருக்கு ஒரு பெட்டி என்பது வழக்கமான கணக்கு. குஞ்சுகளோடு இருக்கும் ஓர் இணை ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைப் பிடிக்கும். தோட்டத்தில் மாதச் சம்பளம் வாங்காத வேலையாள் அது என்று ஒரு மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) என்னிடம் சொன்னார். உண்மையான பேச்சு.

பெட்டியில் பறவை இருக்கிறதா என்பதைக் கீழே பார்த்தே சொல்லிவிடலாம். கம்பத்தடியில் சுண்ணாம்பு சிந்தியதைப் போன்ற வெள்ளை எச்சம் கிடக்கும். அதோடு கட்டைவிரல் பருமனில் கறுத்த உருண்டைகள். ஆந்தை எலியை முழுதாக விழுங்கி, செரிக்காத முடியையும் எலும்பையும் உருட்டி வாய்வழியே துப்பிவிடும். புதிதாகத் துப்பியது ஈரமாக, மினுமினுப்பாக இருக்கும். காய்ந்து சாம்பலாகி உதிர்ந்தால் பழையது. ஈரமான உருண்டை கண்ணில் பட்டால் அந்தப் பெட்டியைக் குறித்துக்கொள்வேன். உடைத்துப் பார்க்க ஆசை வந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே எலியின் மண்டையோடு, தாடை, நீளமான மஞ்சள் முன்பல் அப்படியே இருக்கும். என் அக்கா பிள்ளைகளுக்கு இதைக் காட்டிய நாளிலிருந்து அவர்களுக்கு ஆந்தைமேல் இருந்த பயத்தில் பாதி போய்விட்டது.

பறவை இருப்பது தெரிந்ததும் கம்பத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள். இது மட்டும் கூடவே கூடாது. பகலில் வெளியே பாய்ந்த கூகையைக் காக்கைகள் விடாது. துரத்தித் துரத்திக் கொத்தும். உள்ளே முட்டை இருந்தால் அது குளிர்ந்து கெடும். பெண் பறவை ஒருமுறை மிரண்டுவிட்டால் பெட்டியையே விட்டுவிடவும் செய்யும். தோட்டத்துப் பணியாள் கணக்கெடுக்க ஏணி போடுவது அவர் வேலை. நாம் அந்த ஏணியில் கால் வைக்கக் கூடாது.

நான் நிற்பது பெட்டியிலிருந்து இருபத்தைந்து முப்பது மீட்டர் தள்ளி, வாசலுக்கு நேரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில், அடுத்த வரிசைச் செம்பனையை ஒட்டி. கூகை சுமார் 35 சென்டிமீட்டர் உயரப் பறவை. 25 மீட்டரில் 600 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்தால் முழுச் சட்டக் கேமராவில் படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு நிறையும். அது போதும். சுற்றியுள்ள ஓலையும் பெட்டியும் படத்தில் வந்தால்தான் அது தோட்டத்து ஆந்தை. முகம் மட்டும் நிறைந்த படத்தைக் கூண்டுப் பறவையை வைத்தும் எடுத்துவிடலாம், அதில் எனக்கு ஆசை இல்லை. 150 முதல் 600 வரை போகும் சூம் லென்ஸ் ஒன்று, உறுதியான முக்காலி ஒன்று. இவ்வளவுதான் என் முதலீடு. முக்காலியில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். செம்பனை மண் மெத்தென்று இருக்கும், இலேசான முக்காலி நின்ற இடத்திலேயே அமிழ்ந்து சாயும்.

நம் ஊரில் சூரியன் ஆண்டு முழுக்க ஏழுக்கும் ஏழரைக்கும் இடையில் மறைகிறது. குளிர்நாடுகளில் அந்தி நீளமாக இழுக்கும் என்கிறார்கள். இங்கே அப்படி இல்லை, மறைந்த இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆறரைக்கே போய் நின்றுவிட வேண்டும். அப்போதே பெட்டியின் விளிம்பில் ஃபோக்கஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிப் பூட்டிவிடுவேன். இருட்டியபின் ஆட்டோ ஃபோக்கஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும், பறவை அதற்குள் போய்விடும். சூரியன் மறையும் நேரத்தில் ஓலை நிழலில் அபெர்ச்சர் 6.3, ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் வேகம் 1/60 கிடைத்தால் நல்ல நாள். அதற்குமேல் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒளி பாதியாகிக்கொண்டே போகும். 12800 வரை ஏற்றி, 1/15, 1/8 என்று இறக்குவேன். அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஆந்தைக்கு 1/15 தாராளம். ரிமோட் அல்லது இரண்டு விநாடி டைமர் வைத்து, பத்துப் படம் தொடர்ச்சியாக எடுத்தால் ஒன்றாவது தலை ஆடாமல் கிடைக்கும். சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் அதையே வையுங்கள். கூகையின் இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இல்லை, ஒன்று மேலே ஒன்று கீழே. ஒலி எந்தத் திசையில், எந்த உயரத்திலிருந்து வருகிறது என்பதை அதை வைத்தே கணித்து இருட்டில் எலியைப் பிடிக்கிறது. அதன் முன்னால் கேமரா கடகடவென்று அடித்தால் அது வேட்டையை எப்படிக் கவனிக்கும்?

கேமராவின் தானியங்கி அளவை நம்பினால் கூகை முகம் வெளுத்துப்போய் வெறும் வெள்ளைத் தட்டாக வரும். பின்னணி இருட்டு, நடுவில் வெள்ளைப் பறவை. கேமரா இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. ஒரு ஸ்டாப் (அதாவது பாதி ஒளி), சில சமயம் ஒன்றரை ஸ்டாப் குறைத்து எடுங்கள். கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்பாக இருந்தால் நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். வெந்துபோன வெள்ளையை யாராலும் மீட்க முடியாது. இருட்டில் திரை பளிச்சென்று தெரியும், சரியாக வந்துவிட்டதாக நினைக்க வைக்கும். அதனால் திரையின் வெளிச்சத்தை அடியோடு குறைத்துவிட்டு, ஒளி அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

குஞ்சு பொரித்த பெட்டியிலிருந்து வரும் சத்தம், குக்கரில் ஆவி கசிவது மாதிரி நீளமாகச் சீறும். முதல்முறை கேட்பவர் பாம்பு என்று நினைத்து ஓடுவார். தாய் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒவ்வொரு முட்டையாக இடுவதால் குஞ்சுகளும் ஏற்றத்தாழ்வோடுதான் இருக்கும், மூத்தது இறகு முளைத்து நிற்கும்போது கடைசி இன்னும் பஞ்சுருண்டை. இரண்டு மாத அளவில் அவை வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கும். அந்த வாரங்கள்தான் படத்துக்கு நல்ல காலம். தாயும் தகப்பனும் எலியோடு வந்து வந்து போகும். வரும் பாதை பெரும்பாலும் மாறாது. பறக்கும்போது உறைய வைத்துப் பிடிக்கும் ஆசையை நான் விட்டுவிட்டேன். 1/1000 வைக்க அந்த ஒளி இடம் தராது. மறையும் வானத்தை ஒட்டிக் கறுப்பு உருவமாக, வாயில் எலியின் வால் தொங்க எடுத்தால் அதுவே அழகு. அது உங்கள் தலைக்குமேல் போகும்போது காற்றுகூட அசையாது. இறக்கையின் முன்விளிம்பில் சீப்புப் பல் மாதிரி அமைந்த இறகு காற்றைப் பிரித்துச் சத்தத்தை விழுங்கிவிடுகிறது. கேமராவைக் கீழே வைத்துவிட்டு அதை மட்டும் பார்த்த மாலைகள் எனக்கு உண்டு.

இனிக் கோயில் மரம். எங்கள் முனீஸ்வரர் கோயில் வாசலில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. அதன் கவட்டையில் பறவைக்கூடு பெரணி என்ற செடி பெரிதாகப் படர்ந்திருக்கிறது. அதில்தான் புள்ளிக் காட்டாந்தை இணை ஒன்று குடியிருக்கிறது. கூகையைவிடப் பெரிது, 45 சென்டிமீட்டருக்கு மேல். காதுக்கொம்பு கிடையாது. செம்மஞ்சள் முகத்தட்டு, சாக்லேட் நிறக் கண், முதுகில் வெள்ளைப் புள்ளி, வயிற்றில் மெல்லிய கறுப்பு வரிகள். பகலில் இலைக்குள் இருந்தால் நேரே பார்த்தாலும் தெரியாது. எனக்குக் காட்டிக்கொடுத்தவை மைனாக்கள். ஒரு கிளையை மட்டும் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. சின்னப் பறவைகள் கூடிக் கத்தும் இடத்தை எப்போதும் கவனியுங்கள். பாம்பாக இருக்கலாம், ஆந்தையாகவும் இருக்கலாம்.

இந்தக் காட்டாந்தையின் குரல் கனமானது. முதலில் உருண்டு வரும் ஓசை, பிறகு அடிவயிற்றிலிருந்து எழும் நீண்ட ஒரு கூவல். இரவு பதினொரு மணிக்குத் தாமான் முழுக்கக் கேட்கும். அது கேட்டால் சிலர் வீட்டு விளக்கைப் போடுவார்கள், சிலர் விபூதி எடுப்பார்கள். கோயிலை ஒட்டிய வீட்டுப் பாட்டி நான் முக்காலி வைத்த முதல் மாலையே வந்துவிட்டார்.

"யாரு வீட்டுப் புள்ளப்பா நீ? அது சாவுப் பறவை. கத்துனா ஒரு உசுரு போவும். படமெல்லாம் எடுக்காத, வீட்டுக்குக் கொண்டுபோவாத."

நான் வாதாடவில்லை. எடுத்திருந்த படத்தைப் பெரிதாக்கித் திரையைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இமை எல்லாம் இருக்கு... இதுவா இப்படிக் கத்துது?"

"ஆமா பாட்டி. ஜோடியா இருக்கு. அது கூப்பிடுது, இது பதில் சொல்லுது."

"புள்ள குட்டி இருக்கா?"

"மேல பெரணிக்குள்ள இருக்கு போல. அதான் நான் கிட்டப் போவல."

பாட்டி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அவர் நம்பிக்கை மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். இப்போதும் இரவில் கத்தினால் அவர் சாமி பேரைச் சொல்லிக்கொள்கிறார். ஆனால் மரத்தடியில் கல்லெடுத்த பையன்களை அதட்டித் துரத்தியவர் அவர்தான். பயப்படுகிறவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கினால் அந்த ஆந்தைக்கு அந்தத் தெருவில் ஓர் ஆள்கூட மிஞ்சமாட்டார். லயத்துக் காலத்தில் மருத்துவமனை தூரம், சாவு பக்கம். நடு இரவில் நோயாளி பக்கத்தில் விழித்திருந்தவர் காதில்தான் ஆந்தைக் குரல் விழுந்தது. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன், அதை மதிக்கவும் செய்கிறேன்.

திருவிழாச் சமயத்தில் கோயில் செயற்குழுவிடம் போய் இரண்டு விஷயம் கேட்டேன். ஸ்பாட்லைட்டை மரத்தின் மேல் அடிக்காமல் கோபுரத்தின் பக்கம் திருப்ப முடியுமா? கூரைமேல் விழும் ஆபத்துள்ள காய்ந்த கிளைகளை மட்டும் வெட்டிவிட்டு, பெரணி உள்ள கவட்டையை விட்டுவைக்க முடியுமா? தலைவர் முதலில் தயங்கினார். மரத்தை முழுதாகக் கழிக்க ஏற்கெனவே ஆளிடம் பேசியிருந்தார்கள். குஞ்சுகள் பறந்தபின் பார்க்கலாம் என்று முடிவானது. விளக்கு அன்றைக்கே திரும்பியது. நல்ல படம் வேண்டுமென்றால் இந்தப் பேச்சுகளில் செலவாகும் நேரத்தையும் படமெடுக்கும் நேரத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இணை இன்றும் அங்கேதான் இருக்கிறது. கோயில் வாசலின் மஞ்சள் விளக்கு பக்கவாட்டில் இலேசாக மேலே படும். அந்த ஒளியிலேயே எடுத்துவிடுகிறேன். நிறம் சற்றுத் தூக்கலாக வரும், வெள்ளைச் சமநிலையைக் கெல்வின் 3000க்குப் பக்கம் வைத்தால் சரியாகிவிடும்.

ஈயக்குட்டைகளில் இருப்பது மீன்பிடி ஆந்தை. மஞ்சள் கண், பக்கவாட்டில் சரிந்த காதுக்கொம்பு, இறகில்லாத கால். நீரோரம் தாழ்ந்த கட்டையில் வந்து அமர்ந்து மீன், தவளை, நண்டு பிடிக்கும். மனிதரைப் பார்த்து அவ்வளவாக மிரளாது என்பதால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதுவே நல்லது. கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவிலும் முயன்று பார்க்கலாம், நடைபாதை இருக்கிறது, தனியார் நிலத்தில் நுழையும் தொல்லை இல்லை. குட்டைக் கரையில் மட்டும் கவனம். பல இடத்தில் கரை மணல் உள்ளே அரித்துப்போயிருக்கும், ஓரத்தில் நிற்கக் கூடாது.

சதுப்புக் காட்டின் ஓரத்தில் சின்னக் காதாந்தை. இருபது சென்டிமீட்டர்தான் இருக்கும். பத்துப் பதினைந்து விநாடிக்கு ஒருமுறை 'வூப்' என்று மேலேறும் ஒற்றைக் குரல். இதைத் தேடி வருகிறவர்களிடம்தான் எனக்கு மிகப் பெரிய மனத்தாங்கல். கைப்பேசியில் ஆந்தைக் குரலை ஓடவிட்டு அழைக்கிறார்கள். அது வருவது ஆசையில் இல்லை, தன் எல்லைக்குள் வேறொருவன் புகுந்துவிட்டான் என்று சண்டைக்கு வருகிறது. வேட்டையை விட்டு, சில சமயம் கூட்டையும் விட்டு, வெட்டவெளிக் கிளையில் வந்து நின்று தொண்டை வலிக்கக் கத்துகிறது. நாம் படமெடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம். அது மறுநாளும் இல்லாத எதிரியைத் தேடும். வார இறுதிதோறும் வெவ்வேறு குழு வந்து இதையே செய்தால் அந்தப் பறவைக்கு வாழ நேரம் ஏது? நான் குரல் போடுவதில்லை. டார்ச்சை அணைத்துவிட்டுக் கால்மணி நேரம் அசையாமல் நின்றால் காது தானாகவே திறந்துகொள்ளும். எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்று பிடிபடும். அது தன்போக்கில் பாதையோரக் கிளைக்கு வரும் இரவும் உண்டு, வராத இரவுதான் அதிகம். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். நான் பெரும்பாலும் வெளியே தோட்டத்து எல்லைச் சாலையிலேயே நிற்கிறேன்.

ஃப்ளாஷும் வேண்டாம். இருளுக்குப் பழகி விரிந்த கண்ணில் அந்த மின்னல் விழுந்தால் அடுத்த சில நொடி அது எதைப் பார்த்துப் பறக்கும்? செம்பனைக்குள் மின்கம்பி இருக்கிறது, லோரி ஓடுகிறது. வெளிச்சம் கட்டாயம் தேவையென்றால் மங்கலான, மஞ்சள் கலந்த டார்ச்சைப் பறவைமேல் நேரே அடிக்காமல் பக்கத்துக் கிளையில் அடித்து, அதிலிருந்து சிதறும் ஒளியில் நான்கைந்து விநாடி எடுத்துவிட்டு அணைத்துவிடுங்கள். ஆந்தை கண்ணைப் பாதி மூடினாலோ, உடம்பை ஒடுக்கி நெட்டையாக நின்றாலோ அது நம்மைப் பொறுத்துக்கொள்கிறது என்று பொருள், வசதியாக இருக்கிறது என்று பொருள் இல்லை. அங்கேயே நிறுத்திவிட்டுப் பின்வாங்க வேண்டும்.

இன்னொரு பழக்கம் வேகமாகப் பரவுகிறது. கடையில் வெள்ளெலி வாங்கி, காலில் நூல் கட்டித் தரையில் விட்டு, ஆந்தை பாயும் படத்தை எடுப்பது. ஒரு குழு எங்கள் பக்கம் இதைச் செய்ததை நான் நேரில் பார்த்தேன். தடுக்கப் போனேன், வாக்குவாதம் ஆனது, தோட்டக் காவலாளியான ஜாகா அண்ணன் வந்து அவர்களை வெளியே அனுப்பினார். சாலையோரத்தில் இரை கிடைக்கும் என்று பழகிய ஆந்தை சாலையோரத்திலேயே காத்திருக்கும். வண்டியில் அடிபடுவதும் அங்கேதான்.

எலிமருந்து பற்றிச் சொல்லாமல் தோட்டத்து ஆந்தையைப் பற்றிப் பேசவே கூடாது. புரோடிஃபகூம், புரோமடியோலோன் என்ற இரண்டாம் தலைமுறை மருந்துகள் இரத்தம் உறையாமல் செய்துவிடும். தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடிக்கொண்டு திறந்த இடத்தில் திரியும். ஆந்தைக்கு அதுதான் பிடிக்க எளிது. எலியின் உடம்பிலிருக்கும் மருந்து ஆந்தையின் ஈரலில் சேரச் சேர, ஒருநாள் அதற்கும் உள்ளே இரத்தம் கசியும். பழைய வார்ஃபரின் வகை ஆந்தைக்கு இவற்றைவிட அபாயம் குறைந்தது. ஒரு தோட்டத்துப் பெட்டியடியில் தாய்க் கூகை செத்துக் கிடந்ததை நான் பார்த்தேன். காயம் இல்லை, அலகோரம் இரத்தம். பக்கத்து வரிசையில் செம்பனைத் தூருக்குத் தூர் நீலக் கட்டி மருந்து. பெட்டிக்குள் குஞ்சுகள் சீறிக்கொண்டிருந்தன. கேமராவை எடுக்கக் கை வரவில்லை, ஆனாலும் எடுத்தேன். அந்தப் படங்களை அச்சிட்டு ஆபீசில் கிராணியிடம் (எழுத்தர்) கொடுத்தேன். அவர் மேலாளரிடம் கொண்டுபோனார். பெட்டியில் பறவை உள்ள பிளாக்குகளில் அந்த மருந்தை நிறுத்துவதாகச் சொன்னார்கள், நிறுத்தவும் செய்தார்கள். நான் எடுத்ததிலேயே பயன்பட்ட படம் எது என்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன். நீங்கள் படமெடுக்கும் தோட்டத்தில் என்ன மருந்து போடுகிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். ஆந்தை வைத்து எலியைக் குறைக்கும் தோட்டத்துக்கு அந்தக் கேள்வி புரியும்.

அனுமதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தோட்டம் தனியார் நிலம். ஆபீசில் கடிதம் கொடுத்து, எந்தப் பிளாக், எத்தனை மணிவரை, வண்டி எண் என்ன என்று எழுதிவிட்டுப் போங்கள். குலைத் திருட்டு நடக்கும் இடங்களில் இரவில் டார்ச்சோடு திரிகிறவரை யார் நம்புவார்கள்? ஜாகாவிடம் தினமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நுழைந்தால் அவரே நாளை வந்து, "தம்பி, பாரிட் (வாய்க்கால்) ஓரத்துப் பெட்டியில ரெண்டு நாளா சத்தம் கேக்குது" என்று தகவல் தருவார். எனக்குக் கிடைத்த பெட்டிகளில் பாதி அப்படி வந்தவை.

ரப்பர் பூட்ஸ் இல்லாமல் செம்பனைக்குள் கால் வைக்காதீர்கள். வெட்டிப் போட்ட ஓலை அடுக்குக்குள் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் நாகம் இருக்கும். இங்குள்ள கருநாகம் விஷத்தைக் கண்ணை நோக்கித் துப்பக்கூடியது, ஆகவே ஓலைக் குவியலைக் காலால் கிளறிப் பார்க்கும் வேலை வேண்டாம். மழை தேங்கிய பள்ளத்தில் எலிமூத்திரம் கலந்திருக்கும். காலில் புண்ணோடு அதில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். படமெடுத்த சில வாரங்களுக்குள் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தோட்டத்துக்குள் போனதை மருத்துவரிடம் முதல் பேச்சிலேயே சொல்லுங்கள். தனியாகப் போவதும் வேண்டாம்.

நம் ஈரக்காற்று லென்ஸுக்கும் எதிரி. குளிரூட்டிய காரிலிருந்து கேமராவை அப்படியே வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்கப் பனி படிந்துவிடும், தெளிய கால்மணி நேரம் ஆகும், அந்திப்பொழுதும் போய்விடும். கடைசிப் பத்து நிமிடம் ஏர்கோனை அணைத்து ஜன்னலைத் திறந்து ஓட்டுங்கள். வீட்டில் டிரை பாக்ஸ் இல்லாதவர் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிகா ஜெல் போட்டு வைத்தாலும் போதும். பூஞ்சை பிடித்த லென்ஸைச் சுத்தம் செய்ய ஆகும் செலவைக் கேட்டால் அந்தப் பெட்டி எவ்வளவு மலிவு என்று புரியும்.

படத்தைப் பகிரும்போது இடத்தைச் சொல்லாதீர்கள். கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் இடக்குறிப்பு தானாகவே பதிந்திருக்கும், அதை நீக்கிவிட்டுப் போடுங்கள். ஆந்தைக் குஞ்சை வளர்க்கவென்று விலைக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்டி எங்கே என்று தெரிந்தால் ஒரு ஏணி போதும் அவர்களுக்கு. 'சிலாங்கூர்' என்று மட்டும் எழுதுவேன். கேட்கிறவர் நண்பராக இருந்தால் கூட்டிக்கொண்டு போவேன், வழி மட்டும் சொல்லி அனுப்பமாட்டேன்.

கடைசியாக, அடிக்கடி என்னிடம் கேட்கப்படுவது: கீழே விழுந்த குஞ்சை என்ன செய்வது? தத்தித் தத்தி நடக்கிறது, இறக்கை இரண்டும் சமமாக இருக்கிறது, கண் தெளிவாக இருக்கிறது என்றால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பறக்கப் பழகும் வயது. தடித்த துணியால் மூடிப் பிடித்து (நகம் கூர்மை), அதே மரத்தில் எட்டும் உயரக் கிளையில் ஏற்றிவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள், இருட்டியதும் தாய் வந்து ஊட்டும். மனிதக் கை பட்டதால் தாய் ஒதுக்கிவிடாது. பெட்டியிலிருந்து விழுந்த பஞ்சுக் குஞ்சாக இருந்தால் ஆபீசில் சொல்லி, ஏணியோடு வரும் பணியாளை வைத்து உள்ளே திரும்ப வைக்கலாம். இரத்தம் கசிந்தாலோ இறக்கை தொங்கினாலோ, காற்றோட்டத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டாகவும் சத்தமில்லாமலும் வைத்துவிட்டு காட்டுயிர்த் துறையான பெர்ஹிலித்தானுக்குத் தகவல் கொடுங்கள். சோறு, பால், ரொட்டி எதுவும் ஊட்ட வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும். வீட்டில் வைத்து வளர்க்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். 2010ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தைகள் பாதுகாக்கப்பட்டவை. எந்தத் தோட்டம், எந்தப் பிளாக், எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டிமேல் ஒட்டிக் கொடுத்துவிடுங்கள். குணமானதும் அதை எங்கே கொண்டுபோய் விட வேண்டும் என்பது அவர்களுக்கு அதை வைத்துத்தான் தெரியும்.